ஆற்றைச் சோதிக்கும் முன் மருந்து அடித்தவரைக் கேளுங்கள்

பினாங்கில் ஓர் ஆறு 'சுத்தம்' என்று அறிக்கையில் வந்தால், அதில் பூச்சிக்கொல்லியும் இல்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. மலேசியாவில் ஆறுகளைத் தரம் பிரிக்கச் சுற்றுச்சூழல் துறை பயன்படுத்தும் நீர்த் தரக் குறியீடு ஆறே விஷயங்களைப் பார்க்கிறது. நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், ரசாயன முறையில் அளக்கும் ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், நீரில் மிதக்கும் துகள்கள், அமில காரத் தன்மை. இவற்றைக் கூட்டி 100க்கு மதிப்பெண் போடுவார்கள். 81ம் அதற்கு மேலும் என்றால் சுத்தம், 60 முதல் 80 வரை லேசான மாசு, அதற்கும் கீழே மாசடைந்த ஆறு. சாக்கடை கலந்தால் இந்தக் குறியீட்டில் தெரிந்துவிடும். பன்றிப் பண்ணைக் கழிவு தெரியும், மண் அரிப்பு தெரியும். களைக்கொல்லியோ வேறெந்தப் பூச்சிக்கொல்லியோ தெரியாது. கண்ணாடிபோல் ஓடும் நீர், நல்ல ஆக்சிஜன், 85 மதிப்பெண், அதோடு ஒரு பூச்சிக்கொல்லியும் சேர்ந்தே இருக்க முடியும்.

குறியீட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சாக்கடைக்கும் ஆலைக் கழிவுக்கும் என்று செய்த கருவி அது, அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. பூச்சிக்கொல்லிகளுக்கு வரம்பு சொல்லும் வேறொரு பட்டியலும் நம்மிடம் உண்டு. தேசிய நீர்த் தர அளவுகோல் என்பார்கள். குடிநீருக்கு எடுக்கும் ஆற்றில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் பழைய பெயர்கள்: டிடிடி, ஆல்ட்ரின், ஹெப்டாகுளோர், லிண்டேன், எண்டோசல்ஃபான். இவற்றைக் கடையில் பார்த்து வருடக்கணக்காகிறது. இன்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது கிளைபோசேட், குளுஃபோசினேட், சைபர்மெத்ரின், இமிடாகுளோபிரிட், ஃபிப்ரோனில். பட்டியலில் இல்லாததை ஆய்வகம் தானாகத் தேடாது.

மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு என்று மனத்தில் பிடிபடாது. இப்படிப் பாருங்கள். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது 1 லட்சம் லிட்டர் நீரில் 1 கிராம். ஐரோப்பாவில் குடிநீருக்கு வைத்திருக்கும் வரம்பு இதைவிடக் கடுமை; எந்த ஒரு பூச்சிக்கொல்லியும் 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது. அதாவது 1 கோடி லிட்டருக்கு 1 கிராம்.

இப்போது ஒரு சிறு கணக்கு. விநாடிக்கு 500 லிட்டர் ஓடும் ஒரு சிற்றாறு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 4 கோடியே 32 லட்சம் லிட்டர். அதில் 4.3 கிராம் மருந்து, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி, சீராகக் கலந்தால் நாள் முழுவதும் அந்த ஐரோப்பிய வரம்பில் நிற்கும். ஆனால் மருந்து சீராகக் கலந்து வருவதில்லை. மதியம் மூன்று மணிக்கு மழை பிடிக்கிறது, நாலு மணிக்குள் அந்தத் தேக்கரண்டி முழுவதும் அடித்துக்கொண்டு வந்துவிடுகிறது என்றால், அந்த ஒரு மணி நேரம் லிட்டருக்கு 2.4 மைக்ரோகிராம். வரம்பைப் போல் 24 மடங்கு. மழையில் ஆறு பெருகி நீர்த்துப்போவதைக் கழித்தாலும் பல மடங்குதான். அது பூச்சியைக் கொல்லும் வீரியமான மருந்தாக இருந்தால் இறால் குஞ்சுக்கும் நீர்ப்பூச்சிகளின் இளம்புழுவுக்கும் அந்த ஒரு மணி நேரம் போதும். மறுநாள் காலை பத்து மணிக்கு ஒருவர் வந்து புட்டியை நிரப்பிக்கொண்டு போனால் ஆய்வகம் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதும். எழுதியது உண்மைதான், எடுத்த நேரம்தான் தப்பு.

ஆகவே மாதம் ஒரு முறை, வசதியான நாளில், பாலத்தின் மேலிருந்து ஒரு வாளி நீர் எடுப்பது பூச்சிக்கொல்லிக்குச் சரிப்படாது. எப்போது எடுப்பது, எதைத் தேடுவது என்ற இரண்டு கேள்விக்கும் விடை ஆற்றங்கரை நிலத்தில் என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது.

தீவில் இதைப் புரிந்துகொள்ள நல்ல இடம் தண்ணீர்மலை. தைப்பூசத்துக்குப் படியேறியவர்களுக்கு அந்தக் காட்டின் குளிர்ச்சி தெரியும். அந்தப் பக்கத்து அருவி நீர் தாவரவியல் பூங்கா வழியாக சுங்கை ஆயர் தெர்ஜூன் என்ற பெயரில் ஊருக்குள் இறங்குகிறது. ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் மலைப்பக்கத்திலிருந்து வேறு கிளைகள் வருகின்றன. எல்லாம் கூடி சுங்கை பினாங்காகிக் கடலில் விழுகிறது. ஒரு கிளை காட்டிலிருந்து, இன்னொன்று காய்கறியும் பழமரமும் வைத்த சரிவுகளிலிருந்து, கீழே ஃபிளாட்டும் கடையும் பட்டறையும். சில கிலோமீட்டருக்குள் மூன்று விதமான நிலம். காட்டு நீரில் ஒரு புட்டி எடுத்தால் அது நமக்கு அளவுகோல். அதை வைத்துத்தான் மற்ற இரண்டில் கூடியது என்ன என்று சொல்ல முடியும். கண்காணிப்பில் பலரும் விட்டுவிடுவது இந்தக் காட்டுப் புட்டியைத்தான். சுத்தமான இடத்தில் எதற்குக் காசு செலவழிப்பது என்று நினைக்கிறார்கள்.

ஊருக்குள் ஏது பூச்சிக்கொல்லி என்று கேட்பவர்கள் உண்டு. டெங்கி வந்தால் தெருவில் புகை அடிக்கிறார்கள். மாலத்தியான் அல்லது பைரித்ராய்டு வகை. தொட்டியிலும் பூச்சாடித் தட்டிலும் கொசுப்புழுவைக் கொல்ல அபேட் போடுகிறோம். வீடு கட்டும்போது கறையானுக்கு மண்ணில் மருந்து ஏற்றுகிறார்கள். சாலையோரப் புல்லுக்குக் களைக்கொல்லி. இவையெல்லாம் சிமெண்டிலும் தாரிலும் விழுகின்றன. வயலில் விழுந்தால் மண் கொஞ்சம் பிடித்து வைக்கும், நுண்ணுயிர் கொஞ்சம் தின்னும். சிமெண்ட் தரைக்கு அந்தக் குணம் கிடையாது. அடுத்த மழையில் நேராகச் சாக்கடை, சாக்கடையிலிருந்து ஆறு.

அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 1992 முதல் 2001 வரை நாடு முழுக்க எடுத்த மாதிரிகள் இதை வெளிச்சம் போட்டுக் காட்டின. ஆறுகளை விவசாய நிலம், நகரம், இரண்டும் கலந்தது என்று பிரித்துக்கொண்டார்கள். நீர்வாழ் உயிர்களுக்கான பாதுகாப்பு அளவை ஒரு பூச்சிக்கொல்லியாவது மீறிய ஆறுகள் விவசாயப் பகுதியில் 57 விழுக்காடு. நகரத்தில் 83 விழுக்காடு. நெல்லும் சோளமும் விளையும் இடத்தைவிட வீடுகளுக்கு நடுவே ஓடும் ஆறு மோசம். காரணம், பூச்சியைக் கொல்லும் மருந்துகள் நகர ஆறுகளில்தான் அதிகம் கிடைத்தன. நீரில் இருப்பதும் பூச்சியின் உறவுகள்தானே. அப்புறம் அங்கே வீட்டு உபயோகத்துக்கு டயசினான் 2004ல் நிறுத்தப்பட்டது. நகர ஆறுகளில் அதன் அளவு இறங்கியது. அது இறங்கியது என்று சொல்ல முடிந்ததே, தடைக்கு முன்னாலிருந்து அளந்து வைத்திருந்ததால்தான்.

இங்கிலாந்தில் வேறொரு அதிர்ச்சி. 2016 முதல் 2018 வரை 20 ஆறுகளில் எடுத்த மாதிரிகளில் 98 விழுக்காட்டில் ஃபிப்ரோனில் இருந்தது, 66 விழுக்காட்டில் இமிடாகுளோபிரிட். ஃபிப்ரோனிலை அங்கே விவசாயத்தில் பயன்படுத்துவதே அரிது. முக்கியக் காரணமாகச் சந்தேகிக்கப்படுவது நாய்க்கும் பூனைக்கும் உண்ணி போகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து. குளிப்பாட்டும் தண்ணீரோடு போய்விடுகிறது. ஜார்ஜ்டவுனில் நாய் வளர்க்காத தெரு எது?

சரி, பாலத்தைத் தாண்டி, பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறைக்கு வருவோம். பினாங்கு குடிக்கும் நீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. லாஹார் தியாங்கில் எடுத்து சுங்கை டுவாவில் சுத்திகரிக்கிறார்கள். கெடாவின் பெரிய நெல் வட்டாரத்துக்கும் மூடா என்றே பெயர் இருப்பதால், அந்த வயல் நீரெல்லாம் நம் குழாய்க்கு வருகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். அது அப்படியில்லை. மூடா பாசனத் திட்டத்தின் வடிநீர் பெரும்பாலும் மேற்கே கடற்கரைப் பக்கம் போகிறது. நாம் எடுக்கும் சுங்கை மூடா சீக், பாலிங் பக்கம் காட்டையும் ரப்பரையும் செம்பனையையும் கடந்து வருகிறது. வழியில் வயலும் ஊரும் உண்டு. ஆகவே இந்த ஆற்றில் முதலில் தேட வேண்டியது தோட்டத்து மருந்து. நெல் மருந்தைத் தேட வேண்டிய இடம், இந்த ஆற்றின் நீரையே வாங்கிப் பயிர் செய்யும் நம் வட செபராங் பிறை வயல்களின் வடிகால்.

நெல்லுக்கு ஒரு கடிகாரம் உண்டு. 1980களில் இந்த வட்டாரத்தில் நாற்று நடுவது குறைந்து நேரடி விதைப்பு வந்தது. நட்ட வயலில் தேங்கிய நீரே களையை அடக்கும். விதைத்த வயலில் நெல்லும் களையும் ஒன்றாக முளைக்கும், ஆகவே களைக்கொல்லி இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. விதைப்புக்கு முன் ஒரு தடவை, விதைத்த சில நாளில் பிரெட்டிலாகுளோர் போன்ற ஒன்று, இரண்டு மூன்று வாரத்தில் அகன்ற இலைக் களைக்கு 2,4-டி வகை. கதிர் வரும் நேரம் குலைநோய்க்குப் பூஞ்சைக்கொல்லி, தத்துப்பூச்சி வந்தால் அதற்கொன்று. அறுப்புக்கு முன் வயலை வடிப்பார்கள். வருடத்துக்கு இரண்டு போகம், ஆகவே இந்தச் சுற்று இரண்டு முறை. ஒரு வாய்க்காலில் இறங்கும் வயல்களெல்லாம் ஏறக்குறைய ஒரே வாரத்தில் விதைப்பதால், மருந்தும் ஒரே வாரத்தில் வரும். புட்டி எடுக்க வேண்டிய நான்கைந்து வாரங்களைப் பாசன அட்டவணையைப் பார்த்தே குறித்துவிடலாம். ஜப்பானில் களைக்கொல்லி போட்டபின் 7 நாளைக்கு வயல் நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளுக்குச் சொல்கிறார்கள். வரப்பு ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் அந்த ஒரு வாரத்தில் மருந்தின் பெரும் பங்கு வயலுக்குள்ளேயே சிதையும், மண்ணில் ஒட்டும். செலவில்லாத வழி இது. மழை மட்டும் ஒத்துழைக்க வேண்டும்.

செம்பனைக்கு இந்தக் கடிகாரம் கிடையாது. வருடம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வேலை நடக்கும். இன்று ஒரு பிளாக், அடுத்த வாரம் இன்னொன்று. மரத்தடி வட்டமும் நடைபாதையும் மருந்தடித்து வைத்தால்தான் குலை வெட்டவும் உதிரி பொறுக்கவும் முடியும். ஆகவே தோட்டத்து ஓடையில் உச்சம் எப்போது வரும் என்று வெளியிலிருந்து யாரும் ஊகிக்க முடியாது.

நான் தெற்கு செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன். அங்கே 'மருந்து அடிக்கப் போறேன்' என்றுதான் சொல்வார்கள். மலாய்க்காரர்கள் அதையே ராச்சுன் என்பார்கள், விஷம் என்று. டின்னிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கும். நம் வாயில் மட்டும் அது மருந்து. எங்கள் லயத்தில் மருந்து அடித்தவர்களில் பாதிப்பேர் பெண்கள். முதுகில் பம்பு, இடது கையால் மேலும் கீழும் அடித்துக்கொண்டே வலது கையில் குழலைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். பம்பு ஒழுகி ரவிக்கையின் பின்பக்கம் நீலப்பச்சையாக நனைந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் நகங்கள் வெளுத்துக் கழன்று விழுந்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் போனார். 2002ல் பெண் தொழிலாளர் உரிமைக்காகப் பாடுபடும் தெனாகானித்தா அமைப்பும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கைக் குழுவும் தோட்டத்துப் பெண்களிடம் பேசி வெளியிட்ட ஆய்வு இந்தக் கதைகளைத்தான் எழுத்தில் வைத்தது. அதே வருடம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த அரசு முடிவெடுத்தது. 2006ல் அது தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 ஜனவரி 1ல்தான் வந்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் போன்றவை இத்தனை வருடமும் விடாமல் குரல் கொடுத்தன.

தடை ஆற்றுக்கு என்ன செய்தது என்பது இன்னும் நுணுக்கமான கேள்வி. பாராகுவாட் களிமண்ணில் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நீரைவிடச் சேற்றில்தான் அதிகம் கிடைக்கும். அதற்குப் பதிலாக வரும் குளுஃபோசினேட் நீரோடு எளிதில் நகரும். மெட்சல்ஃபூரான் என்ற களைக்கொல்லி இன்னொரு விதம். ஹெக்டருக்குச் சில கிராம் போதும், அவ்வளவு குறைந்த அளவிலேயே நீர்ச்செடிகளைப் பாதிக்கக்கூடியது, ஆகவே ஆய்வகத்தில் அகப்படுவதும் கடினம். 2023 மே மாதம் குளோர்பைரிஃபாஸும் கார்போஃபியூரானும் விவசாயத்திலிருந்து தடை செய்யப்பட்டன. குளோர்பைரிஃபாஸ் சேற்றில் தங்கும் சாதி. அதை இனி நீரில் மட்டும் தேடினால், ஆற்றடியில் கிடப்பதைத் தவறவிடுவோம். ஒரு மருந்து போய் இன்னொன்று வரும்போது சோதனை முறையும் மாற வேண்டும்.

பாலிக் புலாவ் டுரியான் தோட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பூ விடும் காலத்தில் பூச்சிக்கு, தண்டழுகலுக்கு மெட்டலாக்சில், பழம் விழும் முன் மரத்தடிப் புல்லுக்கு. சரிவு அதிகம், ஓடையின் நீளம் குறைவு. மழை பெய்து ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதையெல்லாம் எப்படித்தான் பிடிப்பது? ஒரு புட்டி போதாது என்பதை இரண்டு அர்த்தத்தில் சொல்கிறேன். பெரும்பாலான பூச்சிக்கொல்லிகளுக்குப் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி வேண்டும். வெயில் பட்டால் சிதையும், பிளாஸ்டிக்கில் ஒட்டும். பாராகுவாட் நேர்மாறு, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிளாஸ்டிக் புட்டி. தப்பான புட்டியில் எடுத்தால் ஆற்றில் இருந்த மருந்து புட்டியின் சுவரிலேயே தங்கிவிடும், அறிக்கையில் பூஜ்யம் வரும். புட்டியை ஐஸ் பெட்டியில் வைத்து உடனே கொண்டுபோக வேண்டும். கிளைபோசேட்டும் பாராகுவாட்டும் நூற்றுக்கணக்கான மருந்துகளை ஒரே ஓட்டத்தில் தேடும் சோதனையில் சிக்காது. தனித்தனி முறை, தனித்தனிச் செலவு. நம் நாட்டில் அதிகமாக அடித்துவந்த களைக்கொல்லிகளே பொதுச் சோதனையில் விட்டுப்போகக் காரணம் இதுதான்.

நேரத்தைப் பிடிக்க மூன்று வழி. ஆற்று மட்டம் உயர்ந்ததும் தானாக இயங்கி மணிக்கொரு புட்டி நிரப்பும் கருவி வைக்கலாம். நல்ல கருவி, விலை அதிகம், நம் வெள்ளத்தில் அடித்துக்கொண்டும் போகும். இரண்டாவது, உள்ளங்கை அளவு உறிஞ்சு தட்டை இரும்புக் கூண்டில் வைத்து இரண்டு மூன்று வாரம் நீருக்குள் தொங்கவிடுவது. வந்துபோன மருந்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைத்துக்கொள்ளும். எந்த நாளில் எவ்வளவு என்று சொல்லாது, ஆனால் வந்ததா இல்லையா என்று சொல்லிவிடும். நம் ஊருக்கு இதுதான் தோது என்பது என் கருத்து. மூன்றாவது வழிக்குக் கருவியே வேண்டாம். மருந்து அடிப்பவரைக் கேட்பது.

சுவீடனின் தென்பகுதியில் வெம்மன்ஹோக் என்று ஒரு சிற்றாறு. வடிநிலம் சுமார் 9 சதுர கிலோமீட்டர், முழுக்க விவசாயம். 1990ல் அங்கே கண்காணிப்பைத் தொடங்கியவர்கள் நீரை மட்டும் எடுக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அங்குள்ள விவசாயிகளிடம் உட்கார்ந்து என்ன மருந்து, எவ்வளவு, எந்தத் தேதி, எங்கே கலக்கினீர்கள், எங்கே கழுவினீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். ஆற்றுக்கு வந்த மருந்தில் கணிசமான பங்கு வயலிலிருந்து வரவில்லை, டாங்க் நிரப்பும் இடத்திலும் கழுவும் இடத்திலும் சிந்தியதிலிருந்து வந்தது என்று தெரிந்தது. நிரப்பும் இடத்தை மாற்றினார்கள், கழுவும் பழக்கத்தை மாற்றினார்கள். சில வருடங்களில் ஆற்றில் மருந்தின் அளவு 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. விவசாயத்தை நிறுத்தாமலே இதைச் செய்தார்கள்.

இதைப் படித்தபின் ஊருக்குப் போனபோது, மருந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்காவிடம் கேட்டேன்.

"பம்பை எங்கக்கா கழுவுவீங்க?"

"வேற எங்க, அல்லூறுலதான். தண்ணி அங்கதான தம்பி இருக்கு."

தோட்டத்து வடிகாலை நாங்கள் அல்லூறு என்போம். அக்கா வாசலில் குந்தி ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். இது ரோடு, இது மருந்து ஸ்டோர், இங்கே சின்னப் பாலம். வேலை விட்டதும், ஒரு மணி வாக்கில், எட்டுப் பம்பையும் பாலத்தடியில் வரிசையாக வைத்துக் கழுவி, மிச்ச மருந்தையும் அங்கேயே ஊற்றிவிடுவார்களாம். மழை நாளில் சீக்கிரமே வந்து கழுவிவிடுவார்களாம். அந்த அல்லூறு பெரிய ஓடையில் சேரும் இடத்தையும் காட்டினார். பிள்ளைகள் தூண்டில் போடும் இடம் அது.

இன்று அந்த வேலையைச் செய்பவர்களில் பலர் வங்காளதேசத்தையும் இந்தோனேசியாவையும் சேர்ந்தவர்கள். கேள்வியை மலாயில் கேட்க வேண்டியிருக்கும், சில இடத்தில் வங்காளியில். பாலம் அதே பாலம்தான். அந்தத் தோட்டத்து நீரைச் சோதிக்கக் கிளம்பும் யாரும் முதல் புட்டியை ஒரு மணிக்கு அங்கே எடுக்கட்டும், இரண்டாவதை அதற்கு மேலே ஓடை காட்டிலிருந்து வெளியே வரும் இடத்தில். ஒன்று கண்ணாடி, ஒன்று பிளாஸ்டிக் என்று இரண்டு இடத்துக்கும் மொத்தம் நாலு புட்டி.